ஒரே இருக்கை, இரண்டு டிக்கெட்

கணிப்பொறி என்றதும் மேசைமேல் உள்ள பெட்டிதான் நம் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெட்டியின் உறுப்புகளை எல்லாம் வேலை வாங்கும் மென்பொருளுக்கு இயக்க அமைப்பு என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையின.

ஒரே பெட்டியில் இரண்டு இயக்க அமைப்புகள் இருப்பது தமிழக மாணவியர்க்குப் புதிதன்று. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இயக்க இயலும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க ஒரு வழி உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள், கணிப்பொறிக்குள்ளேயே இன்னொரு கணிப்பொறி இருப்பதுபோல் அமைத்துத் தரும். இதனை மெய்நிகர் கணிப்பொறி என்பர். 1972-லேயே ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணிப்பொறிகளுக்கு இவ்வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. பெட்டிக்கு ஒரு விண்டோஸ் உரிமம் வாங்கியாயிற்று. உள்ளே இருக்கும் கணிப்பொறிக்கும் அதுவே போதாதா?

போதாது. திருமங்கலம் செல்லும் பேருந்தில் அக்காளும் தங்கையும் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்தாலும் டிக்கெட் இரண்டுதானே! விண்டோஸ் 11 உரிமமும் அப்படியே: மெய்யான கணிப்பொறியோ மெய்நிகர்க் கணிப்பொறியோ, ஒன்றில் ஒரு படி மட்டுமே நிறுவலாம். நிறுவனங்களுக்கான விண்டோஸ் சர்வரில் கணக்கு வேறு. இயந்திரத்தின் எல்லாக் கோர்களுக்கும் ஸ்டாண்டர்டு உரிமம் பெற்றால் இரண்டு மெய்நிகர் கணிப்பொறிகளில் இயக்கலாம். டேட்டாசென்டர் உரிமத்தில் எண்ணிக்கைக்கு வரம்பில்லை.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1984-இல் செய்த திருத்தத்தின்படி, கணிப்பொறி நிரல்களையும் காக்கிறது. முறைப்படி பெற்றவர், இழப்புக்கு அஞ்சிக் காப்புப் படி எடுத்து வைக்கலாம். திருட்டுப் படி என்று அறிந்தே பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அப்படியானால் பணமில்லாத வீட்டுப் பெண் இக்கலையைக் கற்க இயலாதா? தாராளமாக இயலும். லினக்ஸுக்கும் உரிமம் உண்டு, ஜி.பி.எல். எனப்படும் அவ்வுரிமமே படி எடுக்கவும், பிறர்க்கு வழங்கவும், மாற்றி அமைக்கவும் இசைவு தருகிறது. எனவே லினக்ஸை எத்தனை மெய்நிகர் கணிப்பொறிகளில் வேண்டுமானாலும் நிறுவிப் பழகலாம். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பும் இலவசமே.

தோழியரே! மெய்நிகர் கணிப்பொறியில் நாம் நிறுவுவது பிறர் கண்ணில் படுவதில்லை. ஆயினும் அதனை ஆக்கியவரின் உழைப்பு மெய்யானது. நிறுவுமுன் உரிமத்தைப் படிப்போம். வாங்க வேண்டியதை வாங்குவோம். இயலாதபோது இலவசமாய்க் கிடைப்பதைக் கொண்டு நேர்மையாகக் கற்போம்.