பரம்பரைச் சர்க்கரை: ஊசியா, மாத்திரையா?

1964-ம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர், கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். அக்குடும்பங்களுக்கும் பயன்படும் மருத்துவச் செய்தி இது.

தோட்டத்தில் கங்காணி குரல் கொடுத்தால்தான் வேலை நடக்கும். உடலிலும் அப்படியே. இன்சுலினுக்கான ஜீன் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. கணையத்தில்தான் அது முடுக்கிவிடப்படுகிறது. அங்கே இன்சுலின் சுரப்புக்கு வேண்டிய பல ஜீன்களை மேய்க்கும் கங்காணிகளில் ஒன்று 'எச்.என்.எஃப். 1ஏ' என்ற ஜீன். அதில் பிழை இருந்தால் சர்க்கரை நோய் வரும் என்பது 1996-ல் தெரிய வந்தது.

பெரும்பாலும் 25 வயதுக்குள் தலைகாட்டும் நோய் இது. பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆனால் இவர்களில் பலருக்கு இன்சுலின் ஊசி தேவையில்லை. சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய, மலிவான மாத்திரையே நன்கு வேலை செய்கிறது. இன்சுலினைக் குளிரில் காக்க வேண்டிய தீவுவாசிகளுக்கு இது சிறிய உதவியல்ல.

சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆய்வு நிறுவனம் இவ்வகை நோய்க்கான ஜீன்களை ஆராய்ந்து வருகிறது. இளம் வயதில், மூன்று தலைமுறையாகச் சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். தாமாக ஊசியை நிறுத்துவது மட்டும் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.