தன்னை அறிந்தவரின் தலைமைத்துவம்



தலைமைத்துவம் என்றதும் மேடையும் ஒலிவாங்கியும் பதவிப் பெயருமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. தம் பிள்ளை மாணவத் தலைவராகத் தெரிவாகாவிட்டால் அதிபரின் காரியாலயம் வரை செல்லும் பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். அப்பொறுப்பைச் சுமக்கப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வீட்டில் அமர்ந்து பேசியோர் எத்தனை பேர்?

அபூதர் (ரழி) அவர்கள் தமக்கொரு பொறுப்பை வழங்குமாறு கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவரது தோளில் தட்டி, அவர் அதற்குப் பலவீனமானவர் என்றும், பதவி ஓர் அமானிதம் என்றும், அதன் கடமையை நிறைவேற்றாதவருக்கு மறுமையில் அது கைசேதமாகும் என்றும் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது. இங்கே அவரது ஈமானிலோ வாய்மையிலோ குறை காணப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல மனிதராக இருப்பது வேறு, நிர்வாகச் சுமையைத் தாங்கும் ஆற்றல் வேறு.

இனி ஓர் இளைஞரைப் பாருங்கள். ஹிஜ்ரத்தின்போது ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களுக்கு வயது 11. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபியவர்கள் பணித்தபோது, சுமார் அரை மாதத்திலேயே அதில் தேர்ச்சி பெற்றார். பின்னர் அவர்களுக்கான கடிதங்களை எழுதியதும், அவர்களிடமிருந்து வந்தவற்றை வாசித்துக் கூறியதும் அவரே. சமூகத்திற்கு எது தேவையோ அதைக் கற்றார். பொறுப்பு தானாக அவரைத் தேடி வந்தது. பிரதேச செயலகத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத இயலாத நிலையில், ஊர்ச் சங்கத்தின் செயலாளர் பதவிக்குப் போட்டியிடும் நம் இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கட்டும்.

ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபியவர்கள் வபாத்தானார்கள். அதன்பின் நிகழ்ந்த யமாமா போரில் குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதாயினர். உமர் (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி, கலீபா அபூபக்ர் (ரழி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணியை, இருபதுகளின் தொடக்கத்திலிருந்த ஸைத் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர் மகிழ்ந்து குதிக்கவில்லை. ஒரு மலையை இடம்பெயர்ப்பதுகூட இதைவிட இலகுவாக இருந்திருக்கும் என்றே உணர்ந்தார். முதலில் தயங்கி வினவினார். உள்ளம் தெளிவடைந்த பின்னரே பணியைத் தொடங்கினார்.

அவர் பணியாற்றிய விதமே இன்னும் படிப்பினை மிக்கது. குர்ஆன் முழுவதையும் அவர் மனனமிட்டிருந்தார். ஆயினும் தம் நினைவாற்றலை மட்டும் நம்பி எழுதிவிடவில்லை. பேரீச்ச மட்டைகளிலும் மெல்லிய கற்களிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும், ஏனையோரின் உள்ளங்களில் இருந்தவற்றையும் தேடித் திரட்டினார்.

உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சியில் பிரதிகள் எடுக்க நால்வர் நியமிக்கப்பட்டபோதும் ஸைத் (ரழி) அவர்கள் அதில் இடம்பெற்றார். அவர் மதீனாவின் அன்ஸாரி. மற்ற மூவரும் குறைஷியர், அனுபவத்தில் அவருக்குப் பிந்தியவர்கள். கருத்து வேறுபாடு எழுந்தால் குறைஷியரின் வழக்கிலேயே எழுதுமாறு கலீபா பணித்தார்கள். அவர் அப்படியே எழுதினார்.