டவர் இல்லையா? வழி உண்டு!

குட்டீஸ்! விழுப்புரம் பக்கத்தில் காணை என்று ஓர் ஊர் இருக்கிறது. 'என்னது, ஊரையே காணோமா?' என்று சிரிக்காதீர்கள். ஊராட்சி ஒன்றியத்துக்கே தலைமையிடம் அது! அங்கே நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்வோமா? உங்கள் ஊரிலும் செய்யலாம்.

அப்பா, அம்மாவிடம் கேட்டு ஸ்மார்ட்போனை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் மேப்பைத் திறந்து உங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு, 'லொகேஷன்' மட்டும் இயங்கும்படி விட்டுவிட்டு, 'ஏரோபிளேன் மோட்' போடுங்கள். போச்சு... டவரும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. இப்போது வெட்டவெளிக்கு வாருங்கள். கொஞ்ச நேரத்தில் நீலப் புள்ளி நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும். நடந்தால், அதுவும் கூடவே நடக்கும்!

டவரே இல்லாமல் எப்படி? வேலை நடப்பது வானத்தில். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. இந்தியாவின் நாவிக், ரஷ்யாவின் குளோனாஸ் போன்றவையும் உண்டு. ஒவ்வொரு செயற்கைக்கோளும், 'நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி தலைக்கு மேலிருந்து தரைக்கு வர, ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துப் போன் தூரத்தைக் கணக்குப் போடும். நான்கு செயற்கைக்கோள்கள் சிக்கினால் போதும், இடம் தெரிந்துவிடும்.

'மூன்று போதாதா சார்?' என்று கேட்கும் கணக்குப் புலிக்கு ஒரு சபாஷ்! போனில் இருக்கும் கடிகாரம் அத்தனை துல்லியமானது இல்லை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் நான்காவது.

ஒன்றைக் கவனியுங்கள். போன் செயற்கைக்கோளிடம் எதுவும் பேசுவதில்லை. ரேடியோப் பெட்டி மாதிரி கேட்பதோடு சரி. அதனால் காசும் கிடையாது.

அப்படியானால் டவர் எதற்கு? எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று போனுக்கு முன்கூட்டியே சொல்லி, வேலையைச் சீக்கிரம் முடிக்க உதவும். அது இல்லாவிட்டால், முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். பொறுமை வேண்டும். இன்னொன்று, மேப். புள்ளி வானத்திலிருந்து வரும்; மேப் வராது! அது இன்டர்நெட்டில்தான் வரும். அதனால்தான் முதலிலேயே உங்களை மேப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

சித்தப்பா சிங்கப்பூருக்குப் போகிறாரா? அந்த ஊர் மேப்பை 'ஆஃப்லைன்' ஆகப் பதிவிறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தங்கும் இடத்தையும் குறித்துவைக்கட்டும். அங்கே சிம்கார்டு வாங்கும் முன்பே வழி தெரியும். டிராபிக் நிலவரம் மட்டும் தெரியாது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால், புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவவும் கூடும்.

வெளிநாடு வரை போவானேன்? நம் மாவட்டத்திலேயே மரக்காணம் கடற்கரை இருக்கிறதே! கடலில் சாலை ஏது, மைல்கல் ஏது? அந்தக் காலத்தில், கரையில் தெரியும் கோபுரமும் மலையும் எப்படி வரிசையாக நிற்கின்றன என்று பார்த்தே மீனவர்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஜி.பி.எஸ். கருவி வந்தது. கரையிலிருந்து 10, 12 கி.மீ. தாண்டினால் டவர் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் கருவி வேலை செய்யும்.

ஆனால், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது என்ன ஆனது தெரியுமா? கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்ட ஜி.பி.எஸ். இருந்த படகிலும், புயல் வருகிற சேதியைச் சொல்ல வழியில்லை. பலர் வீடு திரும்பவே இல்லை.

இதற்காக 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சின்னக் கருவி அறிமுகமானது. நம் நாட்டின் 'ககன்' செயற்கைக்கோள் அமைப்பு வழியாகப் புயல் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் போனுக்கு அனுப்பும். (ககனம் என்றால் வானம்!) ஆனால், இதுவும் ஒருவழிப் பாதைதான். 'காப்பாற்றுங்கள்' என்று திருப்பிச் சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் பேசக்கூடிய, இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான 'டிரான்ஸ்பாண்டர்' கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மரக்காணம் போனால், 'உங்கள் படகில் அது இருக்கிறதா மாமா?' என்று மீனவர்களிடம் கேட்டுப் பாருங்களேன்!