பறக்கலாமா, பொறுக்கலாமா?

உணவங்காடி நிலையத்தில் உங்கள் மேசை ஓரத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது மைனா. கையை ஓங்கினால் இரண்டு அடி தள்ளிப் போய் நின்று, மறுபடியும் உங்கள் தட்டையே பார்க்கிறது. சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் இரை தேடும் சிவப்புக்கால் உள்ளானோ, நீங்கள் வெகுதொலைவில் வரும்போதே கத்திக்கொண்டு பறந்துவிடுகிறது. மைனாவுக்குத் துணிச்சல் அதிகம், உள்ளான் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன, விடைதான் வேறு.

ஆபத்து எவ்வளவு நெருங்கியதும் ஒரு விலங்கு ஓடத் தொடங்குகிறதோ, அந்த இடைவெளியை அறிவியலாளர்கள் ‘தப்பியோடும் தூரம்’ என்கிறார்கள். எதிரியைக் கண்டவுடனே விலங்குகள் ஓடிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியில்லை என்று 1986ஆம் ஆண்டில் யிடன்பர்க், டில் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஓடுவது இலவசமன்று. வாயருகே இருக்கும் இரையை விட வேண்டும்; உடலில் சேர்த்த சக்தியைச் செலவழிக்க வேண்டும். எதிரி தொலைவில் இருக்கும்போது ஓடினால் நட்டம், அருகில் வந்தபின் ஓடாவிட்டால் உயிரே போய்விடும். இரண்டும் சமமாகும் இடத்தில்தான் விலங்கு கிளம்புகிறது.

அதனால்தான் சூழலுக்கேற்ப அந்தத் தூரமும் மாறுகிறது. மரத்தைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட அணில் முன்கூட்டியே ஓடும். மரத்தடியில் இருக்கும் அணில் சற்றுப் பொறுக்கும். ஜமைக்காவின் ஒருவகைப் பல்லியைப் பற்றி 1964இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவையானது. உடல் குளிர்ந்திருக்கும்போது அந்தப் பல்லியால் வேகமாக ஓட முடியாது. ஆகவே ஆள் தூரத்தில் வரும்போதே அது நழுவிவிடுகிறதாம்! தன் கால்களின் வேகத்தையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, பாருங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு பருந்துக்கும் பாம்புக்கும் பழகியது. கார் வந்தால் என்ன ஆகும்?

சாலையோரப் பறவைகளைப் பற்றி பிரான்ஸில் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. வேக வரம்பு அதிகமுள்ள சாலைகளில் பறவைகள் முன்னதாகவே பறந்தன. ஆனால் எதிரே வந்த கார் உண்மையில் வேகமாக வந்ததா, மெதுவாக வந்ததா என்பதை அவை பொருட்படுத்தவில்லை. சாலையின் குணத்தைக் கற்றுக்கொண்ட பறவைகள், காரின் வேகத்தை அளக்கவில்லை.

அமெரிக்காவில் கவ்பேர்ட் என்ற பறவைகளுக்கு, வாகனம் நேராக விரைந்து வரும் காணொளியைக் காட்டிச் சோதித்தார்கள். அவையும் வேகத்தைப் பார்க்காமல் தூரத்தையே பார்த்தன. நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு பறவை 30 மீட்டர் தூரத்தில் பறக்கக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்தால் அதற்குக் கிடைப்பது 1.8 விநாடி. மலேசிய நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்படும் 110 கிலோமீட்டரில் வந்தால் ஒரு விநாடிதான். அந்த ஆய்வில், வேகம் 120 கிலோமீட்டரைத் தாண்டியபோது பறவைகளுக்கு நேரம் போதவில்லை.

மனிதர்களாலும் பறவைகளுக்கு நட்டம் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோவுக்கு வரும் வலசைப் பறவைகளுக்கு உடலில் சேரும் கொழுப்புதான் திரும்பிப் போகும் பயணத்துக்கு எரிபொருள். படம் எடுக்க ஒருவர் நெருங்கும் ஒவ்வொரு முறையும் கூட்டம் எழுந்து பறக்கிறது. இரை தேடும் நேரமும் எரிபொருளும் வீணாகின்றன. அங்கே பார்வையாளர்களுக்கு மறைவிடங்கள் கட்டியிருப்பது வெயிலுக்காக மட்டுமன்று.

தப்பியோடும் தூரத்தை அளந்து பார்க்க ஆசையா? வலசைப் பறவைகளை விட்டுவிடுங்கள். உங்கள் புளோக்கின் கீழே திரியும் மைனாக்கள் போதும். ஒரே சீரான நடையில் அதை நோக்கிச் செல்லுங்கள். அது பறந்ததும் அப்படியே நின்று, அது இருந்த இடம்வரை எத்தனை அடி என்று எண்ணுங்கள். அடுத்து வேறொரு மைனாவை, அதைப் பார்க்காமல் பக்கவாட்டில் கடந்து போகிறவர்போல் நெருங்குங்கள். நேராக வருபவருக்கும் ஒதுங்கிப் போகிறவருக்கும் அது ஒரே தூரத்தையா கொடுக்கிறது? பத்துப் பத்து முறை அளந்து சராசரி எடுத்தால் தெரிந்துவிடும். கையில் ரொட்டி மட்டும் வேண்டாம், கணக்கே மாறிவிடும்.