கத்தவே வரல: தற்காப்பு வகுப்பில் என் முதல் நாள்

இந்த வாரம் கோடிங், இன்டர்வியூ எதுவும் இல்லை. தற்காப்பு பத்திப் பேசலாம். பிளாக் பெல்ட் வாங்குறது எப்படின்னு இல்லை. தினமும் ஆபீஸ் போயிட்டு வர்ற நமக்கு எது உதவும், அது மட்டும்தான்.

போன வருஷம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். கேப் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போயிடுச்சு. வீட்டுக்கு ரெண்டு நிமிஷ நடை. பின்னாடி வந்த ஒருத்தன் என் மணிக்கட்டைப் பிடிச்சான். நான் ஒண்ணுமே செய்யல. பெப்பர் ஸ்பிரே பைக்குள்ள, சார்ஜருக்கு அடியில் கிடந்தது. கத்தக்கூட வரல. ஒரு ஆட்டோ வெளிச்சம் தெருவுக்குள் திரும்பினதும் அவனே விட்டுட்டு ஓடிட்டான்.

அம்மாகிட்ட சொல்லவே ரெண்டு நாள் ஆச்சு. "ஏன்டி கத்தல?"ன்னு அவங்க கேட்கல. நான்தான் என்னையே கேட்டுக்கிட்டு இருந்தேன்.

அடுத்த மாசம் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் மாஸ்டர் குத்து, உதை எதுவும் சொல்லித் தரல. "கத்தும்மா" என்றார். வெறும் காத்துதான் வந்தது. "பயத்துல உடம்பு உறைஞ்சு போறது இயல்புதான். பழகப் பழக மாறும்" என்றார்.

அப்போதான் புரிஞ்சது. நாம பேக்கப் எடுத்து வைப்போம், ஒரு தடவைகூட ரீஸ்டோர் பண்ணிப் பார்க்க மாட்டோம். நான் பார்த்த தற்காப்பு ரீல்ஸ் எல்லாம் அந்த மாதிரி பேக்கப்தான்.

அங்கே திரும்பத் திரும்பப் பழகினது நாலே விஷயம்.

ஒண்ணு, குரல். வயித்திலிருந்து, ஒரே வார்த்தை: "தள்ளிப் போ!"

ரெண்டு, தூரம். யாராவது நெருங்கினால் ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா, உள்ளங்கை வெளியே தெரிய உயர்த்தி, பின்னால் நகரணும்.

மூணு, மணிக்கட்டு. பிடியில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருற இடம்தான் பலவீனம். உங்க கையின் ஒல்லியான பக்கத்தை அந்த இடைவெளிக்குத் திருப்பி, முழங்கையை மடக்கி வெடுக்குன்னு இழுக்கணும். ஆள் பலசாலியா இருந்தால் இது மட்டும் போதாது, கூடவே கத்தணும்.

நாலு, ஓட்டம். வெளிச்சமும் ஆளும் இருக்கிற பக்கம் ஓடணும். கத்தி காட்டி போன் கேட்டால் தூக்கிப் போட்டுட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்க. போன் இன்னொண்ணு வாங்கலாம்.

"திருப்பி அடிச்சா நம்ம மேலயே கேஸ் வருமா?"ன்னு நிறைய பேருக்குப் பயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பத்திப் பேசுது. உரிமை உண்டு, எல்லையும் உண்டு: தற்காப்புக்குத் தேவையானதுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. கீழே விழுந்து கிடக்கிறவனை நின்னு உதைக்கிறது தற்காப்பில் சேராது.

இந்த வார ஹோம்வொர்க்: போனில் எமர்ஜென்சி செட்டிங்கைத் திறந்து, பவர் பட்டனை எத்தனை தடவை அழுத்தணும்னு பாருங்க. அவசர எண் 112, பெண்களுக்கான உதவி எண் 181. அப்புறம் மொட்டை மாடிக்குப் போய் ஒரு தடவை கத்திப் பாருங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க!

என்னை மாதிரி உறைஞ்சு போன யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தால், தப்பு உங்களோடது இல்லை. கையைப் பிடிச்சவனோடது. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.