கிணற்றுக்கு ஓர் அளவு, குளத்துக்கு ஓர் அளவு

நாகர்கோவில் வலம்புரிவிளைக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் குவிந்த குப்பையைப் பயோமைனிங் முறையில் கிளறி, சலித்து, பிரித்து அகற்றும் வேலையை மாநகராட்சி கையில் எடுத்தது. குப்பைமேடு குறைவது கண்ணுக்குத் தெரியும். இத்தனை மழைக்கும் அதன் அடியில் இறங்கிய கசிவுநீர் தெரியாது. அம்மோனியாவையும் உப்பையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் போகும் நீர் அது. தளம் போடாத எந்தக் கிடங்கிலும் இதுதான் நடக்கும்.

இத்தகைய இடத்தைச் சுத்தம் செய்யும்போது முதலில் எழும் கேள்வி, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது. நியாயமான கேள்வி. ஆனால் நிலத்தடி நீர் கிணற்றோடு நின்றுவிடுவதில்லை. பள்ளம் பார்த்து நகர்ந்து, ஓடைக்கரையிலும் குளத்தின் அடிச்சேற்றிலும் ஊறி வெளியே வருகிறது. அந்தச் சேற்றில்தான் புழுவும் நத்தையும் தலைப்பிரட்டையும் வாழ்கின்றன.

துத்தநாகத்தைப் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த வரம்போ, ஓரளவு கடினமான நீரில், சுமார் 0.12 மில்லிகிராம். நாற்பது மடங்கு குறைவு! மென்னீரில் இந்த வரம்பு இன்னும் இறங்கும். மனிதர் தயங்காமல் குடிக்கக்கூடிய தண்ணீர், மீனின் செவுளைக் கெடுக்கப் போதுமானதாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த முரண்பாடு கூர்மையாக எழுந்த இடம் கொடைக்கானல். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதும் 2001 மார்ச்சில் மூடப்பட்டது. ஆலை வளாகத்துக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து தண்ணீர் வைகைப் படுகைக்கு இறங்குகிறது. மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று முடிவானது. இது குடியிருப்புக்கான கணக்கு, சோலைக்கும் ஓடைக்கும் பொருந்தாது என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் வலுவான நியாயம் இருந்தது. பிராணவாயு குறைந்த சேற்றில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றும். அது புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கொக்குக்கும் போகப் போகப் பெருகும். ஓடைநீரில் பாதரச அளவு மிகக் குறைவு என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னால் மட்டும் அது இதற்குப் பதிலாகாது. அடிச்சேற்றையும் மீனின் தசையையும் சோதிக்க வேண்டும்.

சுத்தப்படுத்தும் வேலையே சில சமயம் ஆபத்தைக் கிளப்பிவிடும். அசையாமல் கிடந்த மண்ணைத் தோண்டிய வாரத்தில் மழை பிடித்தால், நஞ்சு ஒட்டிய வண்டல் ஓடையில் இறங்கும். நாகர்கோவில் இருக்கும் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. கோடையில் ஒரு தடவை குழாய் இறக்கி எடுத்த மாதிரியை வைத்து ஐப்பசி நீர்மட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

வாய்க்காலும் குளமுமாகப் பின்னிக் கிடக்கும் நாஞ்சில் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வலம்புரிவிளையின் அடிநீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கிடங்கின் மேட்டிலும் பள்ளத்திலும் கண்காணிப்புக் கிணறு தோண்டி, மட்டம் அளந்துதான் சொல்ல முடியும். அந்த அளவுகளை, இரண்டு மழைக்கும் முன்னும் பின்னும் எடுத்து, வார்டு மக்கள் வாசிக்கும்படி தமிழில் வெளியிடுவது மாநகராட்சியின் கடமை. அடிநீர் சென்று சேரும் முதல் குளத்தின் சேறும் மீனும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.