கண்ணெதிரே உள்ளதை வரைவோம்



பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "ஏதாவது ஒரு காட்சி வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரே படத்தைத்தான் போடுவார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை. எங்கள் தோட்டத்தில் அப்படி மலையும் இல்லை, ஆறும் இல்லை. இருப்பது ரப்பர் மரமும் செம்பனையும் லயமும்தான். "இது எந்த ஊர், தம்பி?" என்று ஒரு பையனைக் கேட்டோம். "ஊர் இல்லை சார், படம்" என்றான்.

அந்தப் பையனையும் இன்னும் சில மாணவரையும் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றோம். தங்கியது புக்கிட் பாத்தோக்கில், உறவினர் அடுக்குமாடி வீட்டில். மலாயில் புக்கிட் என்றால் குன்று. 'பாத்தோக்' என்பதை இருமல் என்று பொருள்கொண்டு, கல்லுடைக்க வெடி வைத்த சத்தத்தால் வந்த பெயர் என்று சொல்வாரும் உண்டு. அங்கே பழைய கருங்கல் குவாரி ஒன்று குளமாகி, 1980களில் பூங்காவாக்கப்பட்டது. நீரிலிருந்து பாறைச் சுவர் செங்குத்தாக எழுந்து நிற்கும். சீனத்தின் குய்லின் மலைகளை நினைவூட்டுவதால் 'சின்னக் குய்லின்' என்கிறார்கள்.

"எதிரே தெரிவதை வரையுங்கள்" என்றோம். பாறையைப் பார்த்தபடியே நம் பையன் மறுபடி இரண்டு முக்கோணம் போட்டான்! கை பழக்கத்தில் ஓடியது. கண் வேலை செய்யவில்லை. பெரியவர்களான நாமும் அப்படித்தான், வாசலில் நிற்கும் மரத்தில் கிளை எந்தப் பக்கம் பிரிகிறது என்று கேட்டால் விழிப்போம்.

அப்போது அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறோம். கையை நன்றாக நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பென்சில் முனையைப் பாறையின் உச்சியோடு சேர்த்து, பாறை நீரைத் தொடும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். இதுதான் உயரம். அதே அளவை அப்படியே படுக்கவைத்து, பாறையின் அகலத்தில் எத்தனை தரம் அடங்குகிறது என்று பாருங்கள். கை மடங்கக் கூடாது, மடங்கினால் அளவு கெட்டுப்போகும். பையன் அளந்தான். "சார், இது உயரத்தைவிட அகலம்தான் கூட!" என்று கத்தினான். அன்றுதான் அவன் முதன்முதலாக ஒரு மலையைப் பார்த்தான் என்று சொல்லலாம்.

தூரத்தைக் காட்டுவது எப்படி? பால்மரம் சீவப் போகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயமே. நிரையின் தொடக்கத்தில் நின்று பாருங்கள். இரு பக்கத்து மரங்களும் போகப் போக நெருங்கி, உங்கள் கண் மட்டத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தோன்றும். லயத்தின் ஓரத்தில் நின்றாலும் அப்படியே. கண்ணுக்கு மேலே உள்ள கூரை விளிம்பு சரிந்து இறங்கும். கீழே உள்ள சாக்கடை வரப்பு ஏறி வரும். இரண்டும் அதே புள்ளிக்குப் போகும். முதலில் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டால் வீடு தானே நேராக நிற்கும்.

மனிதரை வரைவது கடினம், அசைந்துகொண்டே இருப்பார்கள். தேக்காவில் மாலை கட்டுகிறவரின் பக்கத்தில் பிள்ளைகள் அனுமதி கேட்டு நின்றபோது ஒன்று புரிந்தது. அவர் கை பூவை எடுக்கும், சுற்றும், முடிச்சு போடும், திரும்பப் பூவுக்கே வரும். தப்பவிட்ட நிலை சிறிது நேரத்தில் மீண்டும் வருகிறது. எனவே ஒரு நிலையைத் தேர்ந்துகொண்டு காத்திருந்தால் போதும்.

வர்ணத்துக்கு ஒரே ஒரு வார்த்தை. நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது தாளேதான். ஆகவே வெளிச்சம் விழும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, இளநிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போகவேண்டும்.

இதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு என்று நினைக்கவேண்டாம். சிங்கப்பூரில் லிம் செங் ஹோ என்று ஓர் ஓவியர் இருந்தார். 1912இல் பிறந்து 1979இல் மறைந்தவர். பொதுப் பயனீட்டுக் கழகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு நாளில் நண்பர்களோடு சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குப் போய் நீர்வர்ணத்தில் படகுகளையும் பண்டகசாலைகளையும் தீட்டினார். 1977இல் ஆற்றைத் துப்புரவு செய்யும் பெரிய பணி தொடங்கியது. 1983இல் சரக்குப் படகுகள் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டன. ஆறு சுத்தமானது நல்லதே. ஆனால் அந்தப் படகுகள் நெருங்கி நின்ற அழகை இன்று அவர் படத்தில்தான் பார்க்கவேண்டும். 2018இல் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் அவர் ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது.

எங்கள் தோட்டத்திலும் பாதி லயம் காலியாகிவிட்டது. மிச்சமும் இடிபடும் என்கிறார்கள். அந்த லயத்தில் குடியிருந்தவர்கள் வைத்திருக்கும் புகைப்படங்களோ கல்யாணப் படங்கள்தான். பிரட்டுக்களத்தையும் குழாயடியையும் யார் படம் பிடித்து வைத்தார்கள்?

ஊர் திரும்பிய பையன் முக்கோண மலையை விட்டுவிட்டுத் தன் லயத்தை வரைந்தான். அவன் பாட்டி அதை நெடுநேரம் பார்த்தார். "ஆயாக் கொட்டகைப் பக்கம் ஒரு கொய்யா மரம் இருந்துச்சே, அதைக் காணோமே?" என்றார். "நான் அதைப் பார்த்ததே இல்லை, பாட்டி." "கொண்டா இங்கே" என்று பென்சிலை வாங்கினார். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனால் மரத்தின் சதையில் காயம் படாமல், சாய்வு மாறாமல், பட்டையை மெல்லிசாகச் சீவிச் சீவிப் பழகிய கை அது. கொய்யா மரம் சாய்ந்திருந்த பக்கமாக ஒரே கோடு இழுத்தார். கோடு நடுங்கவில்லை.